ஒன்பது பதினாறுக்குக் கைதட்டியவர்கள்

அத்தியாயம் 7

“அப்ப ஒரு குப்பை ஃபைலு வந்து கூண்டுல ஏறிச் சாட்சி சொல்லப்போவுதுங்களா?” என்றார் குழந்தைவேல்.

யாழினி சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திருப்பி, எதிரில் இருந்த இருவருக்கும் தெரியும்படி வைத்தாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. ராசிபுரத்தில் அந்தச் சத்தம் நின்றால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

அக்சிலியா திரையைப் பார்க்கவில்லை. யாழினியின் கைகளைப் பார்த்தாள். பதினாறு வருடமாகச் சேலத்தில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு பழக்கம் உண்டா என்று விசாரித்துச் சொல்வதுதான் முக்கால்வாசித் தொழில். பொய் சொல்கிறவர்களின் கைகள் எங்கே போகும் என்பது அவளுக்குப் பாடம். யாழினியின் கைகள் பொய் சொல்லவில்லை. ஆனால் எதையோ பொத்தி வைத்திருந்தன.

இருக்கட்டும், வரும், என்று விட்டுவிட்டாள்.

இந்த வழக்கில் அவளை அமர்த்தியவர் யாரும் இல்லை. ஏழு மாதத்துக்கு முன் இறந்துபோன பெனடிக்ட் அவளுடைய தம்பி.

நாமக்கல்லில் ‘வழித்துணை’ என்று ஒரு கம்பெனி. எந்த லாரி எந்த ரோட்டில் போகிறது என்பதை உரிமையாளர்களின் செல்போனில் காட்டும் மென்பொருள் அவர்களுடையது. பெனடிக்டும் யாழினியும் அங்கே நிரல் எழுதினார்கள். போன ஐப்பசியில் வெள்ளிக் கொலுசு ஏற்றிப்போன வேன் ஒன்றைச் சிலர் மறித்தார்கள். ஓட்டுநருக்கு ஒரு கண் போயிற்று. சரக்கும் போயிற்று. வேன் எந்த நேரத்தில் எந்த வளைவுக்கு வரும் என்பதை அவர்கள் வழித்துணைக்குள் புகுந்தே பார்த்திருந்தார்கள். காரணம், கடவுச்சொல் மாதிரியான கம்பெனியின் ரகசியச் சாவி இணையத்தில் திறந்து கிடந்தது. அதைப் போட்டவர் யார் என்று தேடினால் கம்ப்யூட்டர் காட்டிய பெயர் பெனடிக்ட்.

மூன்று நாள் காவல் நிலையத்தில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். கம்பெனி முதலாளி தமிழரசு, ஆயிரத்துச் சொச்சம் லாரி உரிமையாளர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவனுடைய படத்தைப் போட்டு, ‘காட்டிக்கொடுத்தவன் இவன்தான்’ என்று எழுதினார். அதற்கப்புறம் எட்டு நாள் பெனடிக்ட் தூங்கவில்லை. ஒன்பதாம் நாள் விடியலில் மல்லூருக்கு அருகே, நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் பின்னால் அவனுடைய பைக் மோதியது. ரோட்டில் பிரேக் போட்ட தடம் இல்லை.

“நான் செய்யலக்கா” என்று அந்த எட்டு நாளும் சொன்னான். அதற்கு அக்சிலியா ஒருநாள் சாப்பாட்டின்போது, “நல்லா யோசிச்சுப் பாருடா, ஏதோ நெனப்புல கை தவறிப் போயிருக்குமோ?” என்று கேட்டாள். ஊரார் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவள் கேட்டாள். அவன் பதில் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

பங்குச் சாமியார் மன்னிக்கச் சொன்னார். “மன்னிக்கிறதுக்காவது ஆள் யாருன்னு தெரியணுமே ஃபாதர்” என்று சொல்லிவிட்டு வந்தவள், அன்றிலிருந்து அந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். மன்னிப்பதற்காக அல்ல.

“எங்க வேலை முழுக்க ஒரு பொதுப் பெட்டியில சேருமுங்கக்கா” என்றாள் யாழினி. “கிட்டுன்னு சொல்லுவோம். யாரு, எப்ப, எதை மாத்துனாங்கன்னு பேரோட, நேரத்தோட நிக்கும். அதுக்குள்ள போகக் கூடாத சாமானமும் இருக்குது. அவங்கவங்க மெஷினோட செட்டிங்கு, அப்பறம் என்வ்னு ஒரு ஃபைலு. சாவி, பாஸ்வேர்டெல்லாம் அந்த என்வ் ஃபைல்லதான். அது அவங்கவங்க மெஷின்லயேதான் கெடக்கோணும்.”

“லாரி கேபினாட்டம்” என்றார் குழந்தைவேல். திருச்செங்கோட்டுக்காரர். இருபத்திரண்டு வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு நாடு சுற்றி, முதுகு ஒத்துக்கொள்ளாமல் அக்சிலியாவிடம் துப்பறிய வந்தவர். “லோடு பார்ட்டிக்கு. கேபின்ல கெடக்கற லுங்கி, ஸ்டவ்வு, ஊட்டுச் சாவி நம்முளுது. ரெண்டையும் சேத்து இறக்கிப்போட்டா, எவனோ நம்ம ஊட்டுல போயி சோறு திம்பான்.”

“அதேதாங்கண்ணா. இதெல்லாம் கேபின் சாமானம், இறக்காதேன்னு ஒரு பட்டியல் எழுதி அந்தப் பெட்டியிலயே வெச்சிருப்போம். இக்னோர் ஃபைலு. அதுல பேரு இருக்கறது எதுவும் உள்ள போகாது. ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில ஒன்பது பதினாறுக்கு யாரோ அந்தப் பட்டியலையே அழிச்சுப்போட்டு, இருந்ததையெல்லாம் ஒட்டுமொத்தமா உள்ள தள்ளியிருக்காங்க. எங்க பெட்டி அப்ப வெளியாளுங்களும் பாக்கறாப்பல தொறந்து கெடந்துச்சு. பேரு பெனடிக்ட்னு நிக்குது.”

“பேரை யாரு எழுதறது?” என்று கேட்டாள் அக்சிலியா.

“மெஷின்ல என்ன பேரு போட்டு வெச்சிருக்குதோ அது. நெசமா அவருதானான்னு அது கேக்காதுங்க.”

“எங்க ட்ரிப் சீட்டே தேவலையாட்ட இருக்குது. செக்போஸ்டுல லைசென்ஸாவது கேப்பான்” என்றார் குழந்தைவேல்.

யாழினி அடுத்த பதிவைத் திறந்தாள். மறுநாள் காலை எட்டு மணி. அதுவும் பெனடிக்ட் பெயரில். ‘என்வ் ஃபைல் உள்ளே வந்திருக்கிறது. எடுத்துவிட்டு, பட்டியலைத் திரும்ப வைத்திருக்கிறேன். ஆனால் பழைய பதிவில் அது இன்னும் இருக்கும். சாவிகளை இன்றே மாற்றுங்கள்.’

மூன்று வாரம் யாரும் மாற்றவில்லை. காவல் நிலையத்தில் இந்த நான்கு வரியைத்தான் அவனுடைய ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அக்சிலியா அதை இரண்டு முறை படித்தாள். எவ்வளவு அவசரமானாலும் அவன் முற்றுப்புள்ளி வைப்பான்.

“இப்ப குப்பைக்கு வா” என்றாள்.

“ஒன்பது பதினாறுக்கு உள்ள போனதுல இது ஒண்ணு. மேக் கம்ப்யூட்டரு எந்த ஃபோல்டரைத் தொறந்தாலும் கண்ணுக்குத் தெரியாம இப்பிடி ஒரு ஃபைலைப் போட்டுட்டுப் போகும். வேற மெஷின் போடாது. பட்டியல் இருந்திருந்தா இதையும் தடுத்திருக்கும். பெனடிக்டோடது பழைய டெல்லு. அன்னி வரைக்கும் மேக் எங்க ஆபீஸ்ல நவீன் அண்ணன் ஒருத்தர்கிட்டத்தான் இருந்துச்சு.”

“டெக்னிக்கல் ஹெட் நவீன்குமார்.”

“ஆமாங்கக்கா.”

“அப்ப போலீசுக்கு ஏன் என் தம்பி மேல மட்டும் சந்தேகம்?”

“பூஜைக்கு மொத நாள் சாயங்காலமே எல்லார் லேப்டாப்பையும் வாங்கிச் சாமி முன்னால அடுக்கிருவாங்க. பெனடிக்ட்டோடதை மட்டும் வாங்கல. ‘உங்களுக்குத்தான் பூஜை இல்லையே தம்பி, ஊட்டுல இருந்தபடி டூட்டி பாத்துருங்க’ன்னாங்க.” யாழினி தலையைக் குனிந்துகொண்டாள். “அன்னிக்குக் கையில மெஷின் வெச்சிருந்தது அவரு ஒருத்தர்தான்னு ஆயிப்போச்சு.”

*

ஓம்னி வேன் புதுச்சத்திரத்தைத் தாண்டியது. கோழிப்பண்ணை வாடை ஜன்னல் வழியாக ஏறி உட்கார்ந்தது.

“நவீனைப் பாத்து என்ன பண்ணப்போறீங்க அம்மணி?”

“கேக்கப்போறேன்.”

“கேட்டுப்போட்டு?”

அக்சிலியாவுக்கு அம்மாவின் நினைவு வந்தது. தம்பியின் பழைய லேப்டாப்பை போலீஸ் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அம்மா தெரசம்மாள் அதைத் தினமும் சார்ஜில் போடுகிறாள். எதற்கென்று கேட்டால், “செத்துப்போயிடும்ல” என்கிறாள்.

“ரிக்குல எட்டு டன் ராடு ஏத்திக்கிட்டு ஒடிசா வரைக்கும் போயிருக்கறேன்” என்றார் குழந்தைவேல். “உங்க மூஞ்சி இன்னிக்கு அதைவிடக் கனக்குது. வண்டி இழுக்கவே மாட்டேங்குது.”

*

நாமக்கல் மலைக்கோட்டை தெரிகிற ஒரு பேக்கரியில் நவீன்குமார் முட்டை பப்ஸும் டீயுமாக உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது. அக்சிலியாவைப் பார்த்ததும் எழுந்தான். தம்பியின் முகச்சாயல் அவனை எழுப்பியிருக்க வேண்டும்.

“உக்காருங்க. அந்த ஒன்பது பதினாறு பதிவு ஒரு மேக் மெஷின்லேர்ந்து போயிருக்கு. ஆபீஸ்ல மேக் உங்களோடது. மீதியை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

நவீன்குமார் பதறவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். வாழைக்கன்று, பூசணிக்காய், பொரிகடலைத் தட்டம். நடுவில் அடுக்கிய லேப்டாப்கள். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளி நிறத்தில் அவனுடைய மேக், அதன் மூடியில் மூன்று விரல் சந்தனமும் குங்குமமும். அடியில் நேரம்: ஒன்பது மணி ஐந்து நிமிடம்.

“மறுநாள் மறுபூஜை போட்டப்பறந்தாங்க எடுத்தோம். சாமி முன்னால வெச்சதை நடுவுல உருவி வேலை பாக்க எனக்கு தைரியம் கெடையாதுங்கக்கா. என் ரெண்டு புள்ளைங்க மேல சத்தியம்.”

அவன் கைகள் மேசை மேல் விரிந்து கிடந்தன. அக்சிலியா அவனை நம்பினாள். காலையிலிருந்து அவள் வெறுத்துக்கொண்டு வந்த முகம் கண்ணெதிரிலேயே வெறும் முகமாகிவிட்டது.

குழந்தைவேல் பப்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கடித்தார். “தம்பி, அந்த ஆயுத பூஜை என்ன கெழமை வந்துச்சு?”

“புதன்கெழமைங்க.”

“புதன்கெழமை காத்தால நல்ல நேரம் ஒன்பதே காலு.” வாயைத் துடைத்துக்கொண்டார். “இருவத்திரண்டு வருசம் போர் போட்டவனுங்க நானு. நல்ல நேரம் பாக்காம எந்தத் தோட்டத்துக்காரரும் ராடை இறக்க உடமாட்டாரு. ஒன்பதே காலுன்னா கரெக்டா எத்தனை மணிக்கு இறக்குவோம் தெரியுமா? ஒன்பது பதினாறுக்கு. அந்த ஒரு நிமிசம், ‘ஆயிருச்சா, ஆயிருச்சா’ன்னு நாலு பேரு வாட்ச்சைப் பாக்கறதுக்கு.”

நவீன்குமாரின் டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

“டூட்டி பாக்கற கிறிஸ்தவப் பையன், ஊட்டுல ஒத்தையில உக்காந்துக்கிட்டு நல்ல நேரம் பாத்தா பட்டனைத் தட்டியிருப்பான்?” குழந்தைவேல் அக்சிலியாவின் பக்கம் திரும்பினார். “பூஜை அன்னிக்குப் பழைய வண்டிக்குப் பொட்டு வெச்சு நிறுத்திருவாங்க அம்மணி. நல்ல நேரம் பாத்து ஸ்டார்ட் பண்றது...”

“புது வண்டியை” என்றாள் அக்சிலியா. “இன்னொரு மேக் வாங்கியிருக்காங்க.”

நவீன்குமாரின் கைகள் மேசைக்கு அடியில் போய்விட்டன.

“முதலாளி வாங்குனாருங்க” என்றான் கடைசியில். “அவுங்க அப்பா காலத்துலேர்ந்து லாரிக் குடும்பம். புது வண்டியை ஓனர்தான் மொதல்ல நகத்தோணும்பாரு. நம்ம சாப்ட்வேரை அதுல ஏத்து, நல்ல நேரத்துல என் கையால ஒண்ணு அனுப்போணும்னாரு. பேக்கப்புல பெனடிக்ட் ஃபோல்டர்தான் புதுசா இருந்துச்சு. அதை அப்படியே தூக்கிப் போட்டேன். அவன் பேரும் கூடவே வந்துருச்சு. நான் பாக்கலீங்க.”

“பட்டியலை ஏன் அழிச்சீங்க?”

“அனுப்பறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. லீவு நாளு, யாரும் புதுசா எதுவும் எழுதல. ஒத்தை வரி போனா முதலாளிக்கு என்ன தெரியும்? பட்டியலை எடுத்துட்டா இருக்கறதெல்லாம் போகும், ஸ்கிரீன்ல வரிசையா ஓடும், பாக்க நல்லா இருக்கும்னு... மறுநாள் திரும்ப வெச்சுக்கலாம்னு நெனச்சேன். அவரு தட்டுனாரு. நாப்பது அம்பது வரி சரசரன்னு ஓடுச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க.”

“எல்லாருமா?”

“பதினேழு பேருங்க.”

ஏழு மாதமாக அக்சிலியா ஒரு மூடிய அறையைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். அதில் ஒருவன் தனியாக, யாருக்கும் தெரியாமல் குனிந்து உட்கார்ந்திருப்பான். கற்பூரம் எரிய, தேங்காய் உடைய, பதினேழு பேர் பார்த்திருக்க நடந்ததென்று அவளுடைய வெறுப்புக்குத் தோன்றவே இல்லை.

“போலீஸ் வந்தப்ப?”

“முந்தின நாளே முதலாளிகிட்டச் சொல்லிட்டேங்க. பெனடிக்ட் இல்ல, அது நீங்க தட்டுனதுன்னு. அவரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. ‘பேரு அவனுதுதான? இருந்துட்டுப் போவட்டும்’னாரு.” நவீன்குமார் டம்ளரை ஓரமாகத் தள்ளினான். “பொய்யின்னு நாங்க எதுவும் சொல்லலீங்கக்கா. சும்மா இருந்தோம்.”

“வீடியோ?” என்றார் குழந்தைவேல்.

“இல்லீங்க.”

“புது வண்டி வாங்கிப்போட்டு வீடியோ எடுக்காத முதலாளி இந்த ஜில்லாவுலயே கெடையாது தம்பி. எருமை வாங்குனாக்கூட எடுக்கறாங்க.”

நவீன்குமார் மலையைப் பார்த்தான். “குரூப்புல இருந்ததை அழிக்கச் சொல்லிட்டாரு. எடுத்தவங்க போன்ல இருக்குதோ என்னமோ.”

“எடுத்தது யாரு?”

“யாழினிங்க.”

அக்சிலியா அங்கேயே நின்றபடி யாழினியை அழைத்தாள். “வீடியோ உங்கிட்ட இருக்கா?”

போனில் தறிச் சத்தம் கேட்டது.

“இருக்குதுங்கக்கா.”

“காலையில ஏன் காட்டல?”

“அதுல...” யாழினி அழத் தொடங்கியிருந்தாள். “அதுல என் சிரிப்புச் சத்தமும் கேக்குமுங்கக்கா.”

“அனுப்பு” என்றாள் அக்சிலியா. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல அவளால் முடியவில்லை. சொல்ல விருப்பமும் இல்லை.

*

‘வழித்துணை’ அலுவலகத்தில் தமிழரசு எழுந்து நின்று வரவேற்றார். வெள்ளைச் சட்டை, கனிந்த முகம். பெனடிக்டின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதைப் பார்த்து அன்று ஊரே நெகிழ்ந்தது.

“வாங்க சிஸ்டர். அம்மா சௌக்கியங்களா?”

அக்சிலியா போனை அவருடைய மேசையில் வைத்தாள். நவீன்குமார் கதவோரமாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான்.

ஒரு நிமிடம் இருபது விநாடி. தமிழரசு புது மேக்கின் முன்னால் உட்காருகிறார். ‘ஆயிருச்சா?’ என்கிறார். யாரோ ‘ஆச்சுங்க’ என்கிறார்கள். விரலால் சாமியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஒரு தட்டு. திரையில் வரிகள் ஓடுகின்றன. கைதட்டல். ஒரு பெண்ணின் சிரிப்பு. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பதினாறு.

தமிழரசு அதைக் கடைசிவரை பார்த்தார். பிறகு நவீன்குமாரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நான் பொய் சொல்லலைங்களே சிஸ்டர். அதுல பேரு அப்பிடி இருந்துச்சு.”

“தெரியும்.”

“தம்பி போனது எனக்கும் வேதனைதான். நம்ம ஆபீஸ் ஹாலுக்கு அவன் பேரு வெக்கறேன். பெரிய படம் மாட்டி...”

“அதே குரூப்பு” என்றாள் அக்சிலியா. “அவன் படத்தைப் போட்டீங்களே, அது. உங்க குரல்ல. இப்ப.”

“அவசரப்படாதீங்க. வக்கீலைக் கேட்டுட்டு...”

“ஏனுங்க, அன்னிக்குப் படத்தைப் போடறப்ப எந்த வக்கீலைக் கேட்டீங்க?” என்றார் குழந்தைவேல்.

தமிழரசு போனை எடுத்தார். அவர் மனதில் ஓடிய கணக்கு முகத்திலேயே தெரிந்தது: ஒரு வருத்தம், ஒரு விளக்கம், இதோடு முடிந்தால் லாபம். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். “நண்பர்களே, போன வருசம் நம்ம கம்பெனியில ஒரு தவறு நடந்துபோச்சு...”

“அழிங்க” என்றாள் அக்சிலியா. “தானா நடக்கலை.”

இரண்டாவது முறை. “எங்க டெக்னிக்கல் டீம் பண்ணின ஒரு சின்ன...”

“அழிங்க.”

நெற்றி வியர்வை மூக்கு வரை இறங்கியிருந்தது. தமிழரசு நாற்காலியின் நுனிக்கு வந்தார். மூன்றாம் முறை குரல் வேறாக இருந்தது. மேடையில் பேசுகிற குரல் இல்லை. “நான் தமிழரசு. சாவியை வெளியில உட்டது பெனடிக்ட் இல்ல. பட்டனைத் தட்டுனது நானு. அவன் மறுநாளே சாவியை மாத்தச் சொல்லி எழுதியிருந்தான். நாங்க மாத்தல. அது தெரிஞ்சும் நான்தான் அவன் படத்தைப் போட்டேன்.”

அக்சிலியா தலையசைத்தாள். அவர் அனுப்பினார்.

“போதுங்களா சிஸ்டர்? இதோட முடிச்சுக்கலாம். அந்த வீடியோவை...”

“வீடியோ எஸ்.பி. ஆபீசுக்குப் போயி முக்கா மணி நேரமாச்சு” என்றார் குழந்தைவேல். “கொலுசு கேஸைத் தொறக்கறாங்களாம். நவீன் தம்பி ஸ்டேஷனுக்குத்தான் கெளம்புனாரு. வழியில உங்களையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்.”

தமிழரசு அவர்களை மாறி மாறிப் பார்த்தார். “அப்ப... அப்ப இதை எதுக்கு என்னைப் பேசச் சொன்னீங்க?”

“இது எங்க அம்மா கேக்கறதுக்கு” என்றாள் அக்சிலியா.

மேசையில் போன் அதிர்ந்தது. திரையில் வெங்கடாசலம் என்று வந்தது. மறிக்கப்பட்ட வேனின் உரிமையாளர். அது நிற்பதற்குள் இன்னோர் எண். பின்னாலேயே இன்னொன்று. தமிழரசு போனை அணைக்கக் கையை நீட்டினார்.

அக்சிலியா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“எடுங்க” என்றாள். “ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லுங்க. அவன் எட்டு நாள் சொன்னான். எனக்கும் இன்னிக்கு வேற வேலை இல்லை.”